ம்... அப்புறம்?

எதிர்வீட்டுத் தையல்காரிக்கு ஒரே குறைதான். அவள் பஸ் டிரைவர் புருஷனிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று. வேலை முடிந்து வந்தால் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவான்.

ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தாள்.

"அக்கா, அவர் அடியோட மாறிட்டார்! நான் வாயைத் திறந்தாலே போனைக் கவுத்து வச்சிட்டு, 'ம்... அப்புறம்?'னு கேக்கறார்!"

"அதிசயந்தான். நீ என்ன சொன்னே?"

"மனசுல இருந்ததையெல்லாம் கொட்டிட்டேன். அடம் பிடிச்சதுன்னு பாப்பாவைப் பாத்ரூம்ல விட்டுப் பூட்டினது, எல்லாத்தையும் போட்டுட்டு எங்கயாவது ஓடிடலாமான்னு தோணினது..."

"திட்டலையா?"

"தலையைத் தடவிக்கொடுத்தாருக்கா!"

எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டோடு வசவும் சேர்த்துத்தான் பரிமாறினேன்.

நேற்று அவளுக்குத் துணையாகக் கோர்ட்டுக்குப் போனேன். அவன் விவாகரத்துக் கேட்டிருந்தான். பாப்பாவும் தனக்கே வேண்டுமாம்.

அவனுடைய வக்கீல் ஒரு போனை எடுத்து மேஜைமேல் வைத்து அழுத்தினார். கால்மணி நேரம் அவள் குரலே பேசியது. பாத்ரூம், பூட்டு, ஓடிப்போகிற ஆசை, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. நடுநடுவே அன்பொழுக அவன் குரல்: "ம்... அப்புறம்?"

பாப்பா அப்பனோடு போய்விட்டது.

வாசலில் என் தோளில் சாய்ந்து விம்மினாள். "எனக்கு வாழவே பிடிக்கலக்கா..."

"ம்... அப்புறம்?" என்றேன்.

சட்டென்று வாயை மூடிக்கொண்டு, என் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.