தினகரனின் இலை

தினகரனின் திதியன்று அவன் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டுப் படைத்து, அறையைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருப்பது அந்தப் பீர்க்கன்கரணை வீட்டின் வழக்கம். அவன் வானிலை ஆபீசில் வேலை பார்த்தவன். போர் நடந்தபோது ராணுவ விமானத்தில் போனான். விமானம் மலையில் விழுந்தது. வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். அப்படியே எரித்தார்கள்.

கதவைத் திறக்கும்போதெல்லாம் இலையில் சோறு குறைந்திருக்கும். பிள்ளை வந்து சாப்பிடுகிறான் என்று அம்மா கிளியம்மாள் நிம்மதியாக இருந்தாள். போன வருடம் மகள் சந்திரிகாதான் இலையைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்மா, தயிர்சோறும் பொரியலும் காலி. கறிய மட்டும் ஏன் எந்த வருஷமும் தொடறதே இல்ல?"

"கறி இல்லன்னா தட்டத் தூக்கி விசிறுவானேடி அவன்."

"அப்ப நாம எரிச்சது யார?"

இந்த வருடம் கிளியம்மாள் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய கறியை மட்டும் குழம்பு வைத்து இலையில் ஊற்றினாள். தயிர் இல்லை, பொரியல் இல்லை. கதவைச் சாத்தினாள்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். பழக்கமில்லாத வீட்டில் தட்டுவதுபோல் மெதுவாக.

"பாவம்மா. கொஞ்சம் தயிர் வெச்சிடலாம்."

கிளியம்மாள் வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

"இத்தன வருஷம் எம்புள்ள சோத்தத் தின்னான் இல்ல? எம்புள்ள எங்க பசியோட கெடக்கறான்னு சொல்லட்டும். அப்பறம் வெக்கறேன்."