பூட்டிய வீட்டில் ஒரு குரல்

"ரெக்கார்டர்ல ஒரு குரல் விழுந்திருக்கும்மா. ஆனா குழந்தை குரல் இல்ல" என்றார் ரேடியோ மெக்கானிக்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காய்ச்சலில் மகள் போனதிலிருந்தே அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. காலடியில் இருந்த பெட்டியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

மெக்கானிக்குக் கடையில் மிக்ஸியும் ஸ்பீக்கரும் சரிசெய்கிற வேலை. ஆவிகளின் பேச்சைப் பதிவு செய்வது அவருடைய பொழுதுபோக்கு. அதில் அவருக்கு உள்ள நம்பிக்கை தன் கைவேலையின் மீதுகூட இருக்குமா என்பது சந்தேகம். முறையெல்லாம் வைத்திருந்தார். காலியான வீட்டில், கண்ணில் படாத இடத்தில் ரெக்கார்டரை ஓடவிட்டு, இறந்தவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். மெஷினைப் பார்த்தால் ஆவிகளுக்குக் கூச்சம் வந்துவிடுமாம்.

அவளும் சொன்னபடியே செய்திருந்தாள். மகளுடைய அறையில், பீரோவுக்கு மேல், பொம்மைகளுக்குப் பின்னால் வைத்தாள். "எங்கடி இருக்கே?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

"வீட்ல யாரும் இல்லையே?" என்று மெக்கானிக் உறுதிப்படுத்திக்கொண்டார்.

"யாரும் இல்ல. எங்க வீட்டுக்காரர் எனக்கு முன்னாடியே டியூட்டிக்குப் போயிட்டாரு. நான் பூட்டிட்டுத்தான் கிளம்பினேன்."

"அப்ப சந்தேகமே இல்ல. ஆம்பளைக் குரலும்மா. கிசுகிசுன்னுதான் பேசுது. நடுநடுவுல மூச்சு இழுத்து இழுத்து விடுது. உங்க வீட்ல அந்த மாதிரி யாராவது...?"

"எங்கப்பா" என்றாள். "அவருக்கு இழுப்பு உண்டு. அதுலயே போயிட்டாரு. இவளைத் தூக்கி வளர்த்தது அவருதான்."

மெக்கானிக் மேஜையைத் தட்டினார். "இதைத்தானே சொல்றேன்! பேத்திக்குத் தாத்தா துணை இருக்காரு. இனிமே உங்களுக்கு என்னம்மா கவலை?"

"அவ பேசலையா?"

"இல்லம்மா."

அவள் தலையாட்டினாள். "அவ குரல் ஒண்ணாவது கிடைச்சா கையோட எடுத்துட்டுப் போகலாம்னு இருந்தேன்."

"எங்க போறீங்க?"

"அக்கா வீட்டுக்கு. திரும்பி வர்றதா இல்ல." பஸ் நேரம் சொல்வதுபோல மேலே சொன்னாள். "அந்த வீட்ல ஆளுக்கொரு சாவியோட ரெண்டு பேர் இருக்கோம்னுதான் பேரு. பொண்ணு போன அன்னிக்குக்கூட அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை சார். அவ பேச்சை எடுத்தாலே எழுந்து வெளிய போயிடுவாரு. அவ ரூம் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டாரு. கல்லு. கல்லோட எத்தனை நாள்தான் குடித்தனம் பண்றது?"

மெக்கானிக்குக் குடும்ப வழக்கெல்லாம் பழக்கமில்லை. செத்தவர்கள் என்றால் சமாளித்துவிடுவார். பேச்சை மாற்றுவதற்காக ஹெட்போனை அவளிடம் நீட்டினார்.

"நேத்து முழுக்க உக்காந்து இரைச்சலை எல்லாம் குறைச்சிருக்கேன். ஒரு தடவை கேட்டுடுங்க. அப்பா குரலையாவது எடுத்துட்டுப் போங்க."

தானும் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு கட்டில் கிறீச்சிட்டது. வெகுநேரம் கழித்து, பஞ்சுப் பொதிக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்.

"வாலு... உங்கம்மா இன்னிக்கும் சாப்பிடலைடா."

மெக்கானிக் தன் கையைக் காட்டினார். மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. "பார்த்தீங்களா? அங்க இருந்துட்டே எல்லாத்தையும் கவனிக்கிறாரு."

அவள் இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

மூச்சு இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

"உன்னைப் பத்திப் பேசினா அவ தாங்க மாட்டாடா. அதான் அவகிட்ட வாயே திறக்கறதில்ல..."

"அடடா, அதான் இத்தனை நாளா உங்க கனவுலகூட வராம இருந்திருக்காரு!" என்றார் மெக்கானிக், மிகுந்த திருப்தியோடு.

அவளுடைய உதடு கோணியது. இத்தனை மாதமாக அசையாத முகம் அவள் பேச்சைக் கேட்காமல் நடுங்கியது. கண்ணீர் தாடையில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

மெக்கானிக்கே கொஞ்சம் பதறிப்போய் நிறுத்தினார். "உங்கப்பாதானேம்மா?"

"இல்ல சார். அவளோட அப்பா."