மெசேஜ் பெட்டிக்கு வந்த மூன்று பட்டன்கள்

ஆன்லைன் வகுப்பின் மெசேஜ் பெட்டிக்கு மூன்று பட்டன்கள் புதிதாகக் குடிவந்தன. ஒன்று எழுத்தைத் தடிமனாக்கும். ஒன்று சிவப்பாக்கும். மூன்றாவது, எழுத்தின் குறுக்கே கோடு இழுத்து அடிக்கும்.

பெட்டிக்குள் ஒரு கேள்வி பல நாளாகப் பதிலில்லாமல் கிடந்தது. "சார், பின்னக் கணக்கு சுத்தமா புரியல." அனுப்பியவள் பூங்கோதை என்ற மாணவி.

"இவ்வளவு ஒல்லியா கிடந்தா யார் கண்ணுல படுவே?" என்றது தடிமன்.

"வெளிறிப்போய் வேற இருக்கே," என்றது சிவப்பு.

கோடு மட்டும், "நான் உன் பக்கம் வராம இருந்தாலே போதும்," என்றது.

பூங்கோதை கேள்வியைத் தடிமனாக்கினாள். பதில் வரவில்லை. சிவப்பாக்கினாள். சார் பார்த்துவிட்டதாக டிக் விழுந்தது, அவ்வளவுதான்.

பரீட்சைக்கு முந்தின நாள், அவள் கடைசிப் பட்டனை அழுத்தினாள்.

"மன்னிச்சுக்கோ," என்று சொல்லிக்கொண்டே கோடு கேள்வியின் மேல் படுத்தது.

"பரவாயில்லை. நானும் கத்திக் கத்தி ஓய்ஞ்சுபோயிட்டேன்," என்றது கேள்வி.

சாரிடமிருந்து உடனே பதில் வந்தது, தடிமனாக, சிவப்பில்:

"அடிச்சிட்டியா? அப்போ புரிஞ்சிடுச்சு. வெரி குட்!"