மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

கார் ஷோரூமின் பூஜைத் தட்டில் உட்கார்ந்திருந்த எலுமிச்சம்பழத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லோரும் எதிர்பார்த்த ஸ்போர்ட்ஸ் செடான் இன்றைக்கு வருகிறது.

"மேனுவல் கியர்தான் வரும், எழுதி வச்சுக்கோ!"

"ஆட்டோமேட்டிக்தான். டாப் மாடல்ல சன்ரூஃப்கூட உண்டு" என்றது பக்கத்திலிருந்த தேங்காய்.

"சன்ரூஃப் வந்தா வரட்டும். கியர் விஷயத்துல நான் சொல்றதுதான்!"

ஓரமாகக் கிடந்த பூசணிக்காய் மெல்லக் கேட்டது: "கார் வந்ததும் நமக்கு என்னப்பா வேலை?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்!" என்று இரண்டும் எரிந்து விழுந்தன.

கார் வந்தது. தேங்காயை உடைத்தார்கள். எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தார்கள். டிரைவர் கிளட்சை மிதிக்க, கடக்கென்று கியர் விழுந்தது.

"மேனுவல்! நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று பூரித்தது எலுமிச்சம்பழம்.

ஒப்புக்கொள்ளத் தேங்காய் முழுசாக இல்லை. சக்கரம் நகர்ந்தது.