எலும்பில் படாத குண்டு

"இந்த ஈய உருண்டையை வச்சு மான் சுடப் போறியா மச்சான், இல்ல கோலி ஆடப் போறியா?" என்றான் கிளைடு, கராஜ் கதவில் சாய்ந்தபடி.

டெல்மர் காதில் வாங்கவில்லை. பெண்டாட்டியின் தம்பி என்றால் இருபத்திரண்டு வருஷத்தில் காது அந்த அளவுக்காவது பழகியிருக்காதா? அடுப்பில், பழைய கார் சக்கரங்களில் எடை சமனுக்காக ஒட்டியிருந்த ஈயக்கட்டிகள் உருகிப் பளபளத்தன. மேலே மிதந்த கசடைக் கரண்டியால் வழித்தான். அச்சில் ஈயத்தை ஊற்றி, பத்து எண்ணிவிட்டு ஒரு தட்டு. பழந்துணிமேல் ஓர் உருண்டை விழுந்தது. அதன் வயிற்றில் சின்னதாக ஒரு நட்சத்திரம்.

அச்சுக்குள் டெல்மரே ஆணியால் கீறிய நட்சத்திரம் அது. ஒரே மானுக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினால், குண்டை வெளியே எடுத்துப் பார்க்கலாம், அதுவே சாட்சி சொல்லும் என்று செய்த ஏற்பாடு. ஒஹாயோவின் அந்த மூலையில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு கிடையாது. ஒரே ஒரு குறை, இருபத்திரண்டு வருஷமாக எந்த மானும் அந்தச் சாட்சிக்கு வேலை வைக்கவில்லை.

"கடையில ஜோரா தோட்டா விக்கிறான். ஊரே அதைத்தான் போடுது. இவரு மட்டும் சமையல் பண்ணிக்கிட்டு இருக்காரு."

"சனிக்கிழமை உனக்கு ரெண்டு தோட்டா குடுத்தேனே, சுட்டுப் பாத்தியா மாப்ள?"

"நேரா போகாத குண்டைச் சுட்டு என்னத்தைப் பாக்க? வண்டியில எங்கேயோ கிடக்கு."

வேட்டை சீசன் நேற்று, திங்கட்கிழமை காலைதான் தொடங்கியிருந்தது. நேற்று முழுக்க மரத்தடியில் விறைத்துப்போய் உட்கார்ந்து டெல்மர் கண்டது ஓர் அணில். கல்யாணமான வருஷம் மான் கொம்பு மாட்டவென்று வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்திருந்தான். அதில் அவன் மனைவி லவோன் தீவனக் கடைக் காலண்டரை மாட்டியிருந்தாள். வருஷா வருஷம் காலண்டர்தான் மாறியது.

வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. ஆரஞ்சுத் தொப்பி போட்ட இளைஞன் ஒருவன் இறங்கினான்.

"டெல்மர் அண்ணன் நீங்கதானே? உருண்டைக் குண்டு வார்க்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லைன்னு சொன்னாங்க."

இப்படி ஒரு வார்த்தையைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்றுதான் டெல்மர் நினைத்திருந்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தனக்கென்று ஒளித்து வைத்திருந்த கடைசித் துண்டு பூசணிப் பலகாரத்தை அவனுக்குக் கொடுத்தான். தோட்டாக் கூட்டுக்குள் வெடிமருந்து, மருந்துமேல் அடைப்பு, அடைப்புமேல் உருண்டை, அப்புறம் விளிம்பை மடக்குவது என்று ஒன்றுவிடாமல் விளக்கினான். இளைஞன் தலையாட்டினான். கிளைடு கொட்டாவி விட்டான்.

பலகாரம் தீர்ந்ததும் இளைஞன் சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். அதன் வயிற்றில் நட்சத்திரம்.

"கெஸ்லர் வயலோரம் நின்ன மான் அண்ணே. கொம்புல பன்னிரண்டு கிளை. தோளுக்குப் பின்னாடி, சரியா நெஞ்சுல. யாரு சுட்டதுன்னு தேடிக்கிட்டு இருக்கேன்."

டெல்மர் குண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நசுங்கவே இல்லையே தம்பி!"

"எலும்புலயே படல அண்ணே."

டெல்மர் மனசுக்குள் கணக்குப் போட்டான். அவன் கெஸ்லர் வயல் பக்கமே போகவில்லை. அவன் கையைவிட்டு வெளியே போனது கிளைடுக்குக் கொடுத்த இரண்டு தோட்டா மட்டும்தான். அடப்பாவி! சுட்டிருக்கிறான். அடிபட்ட மான் ஓடி எங்கேயோ விழுந்திருக்கிறது. கிண்டலடித்த குண்டு நேராகப் போய்விட்டதே என்ற வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறான்!

கிளைடு தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான்.

"வேற யாரு, எங்க மச்சான்தான். இந்த வட்டாரத்துல இவரை விட்டா இப்படிச் சுட ஆளு ஏது? கை அப்படி!"

கிளைடின் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை! டெல்மருக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கமான பயல், விட்டுக்கொடுக்கிறான் பாரேன். சுவரும் ஆணியும் கண்முன் வந்தன.

"ஆமா தம்பி, நான்தான்," என்றான். "ஒரே குண்டு. காத்து வேற குறுக்கால அடிச்சுது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. வேற யாருக்காவது தோட்டா குடுத்தீங்களா?"

"சேச்சே! என் குண்டை நான் யாருக்கும் குடுக்கிறதில்ல. அதான் நட்சத்திரம் இருக்கே, அதைவிட என்ன சாட்சி வேணும்? கொம்பு எங்க?"

"வண்டியிலதான் இருக்கு. வாங்க."

"லவோன்! அந்தக் காலண்டரைக் கழட்டு!" என்று வீட்டைப் பார்த்துக் கத்திவிட்டு டெல்மர் ஓடினான்.

இளைஞன் தார்ப்பாயை விலக்கினான். கொம்பு அழகாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே ரப்பர் மூக்கு, பெயின்ட் அடித்த கண், தோளில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் வெள்ளை வெளேரென்று தெர்மோகோல்.

"சீசனுக்கு முன்னாடியே சுடுறவங்களைப் பிடிக்க நாங்க நிறுத்தி வச்ச மான் அண்ணே," என்று சொல்லி, இளைஞன் கோட்டுக்குள்ளிருந்து வனவிலங்குத் துறை அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். "சீசன் நேத்துதான் தொடங்குச்சு. இந்தக் குண்டு ஞாயித்துக்கிழமையே வந்திருச்சு. துப்பாக்கியையும் லைசென்ஸையும் எடுத்துக்கிட்டு வாங்க."

"ஐயோ, நான் சுடல! இவன்தான்..." டெல்மர் திரும்பினான்.

"நான் அப்பவே சொன்னேன்ல மச்சான், உன் குண்டு நேரா போகாதுன்னு," என்றான் கிளைடு. "பாரு, சுத்தி வளைஞ்சு வந்து உன்மேலயே பட்டிருச்சு."