இரண்டு பேருக்குக் குறையாமல்

“ரெண்டு பேருக்குக் குறைய இந்த ஸ்பெயின் சோறு செய்யிறல்ல, அக்கா,” என்றார் அமல்ராஜ்.

“அப்ப ரெண்டு பேருக்கே போடுங்க, தம்பி. பண்டி இறைச்சி, வைன் ஒண்டும் சேரக்கூடாது.”

“ஐயோ இல்ல. றாலும் கணவாயும் மட்டுந்தான்.”

கமறியா தலையாட்டிவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

ஆலங்குடாக் கடற்கரையில் ஒரு ஸ்பானியப் பெண் நடத்துகிற சாப்பாட்டுக் கடை அது. சமையல் அமல்ராஜ். லுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வெள்ளைக்காரர்கள் எல்லாரும் பட்டம் கட்டிய பலகைகளோடு தண்ணீரில் நின்றார்கள். மேசைகளில் அவளைத் தவிர யாரும் இல்லை.

எத்தாளையிலிருந்து த்ரீவீலரில் வந்திருந்தாள். வீட்டில் இருந்தால் இன்றைக்கு யாராவது வந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சோறு வர முக்கால் மணி நேரமாகும்.

ஸ்பெயினிலும் அப்படித்தான். பசியோடு காத்திருந்து, ஒலிவ் காய்களைத் தின்றே அவளும் புருசன் இஸ்ஹாக்கும் பாதி வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள்.

இந்த வருடம் ஏப்ரலில் போனார்கள். பதினொரு நாட்கள்.

இஸ்ஹாக் சரித்திர ஆசிரியர். பின்னேரங்களில் முன்ஹாலில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார். கொர்தோபா, செவில்யா, கிரனாடா என்ற பெயர்களைக் குசினிக்குள் சமைத்துக்கொண்டே அவள் பழகியிருந்தாள். கலியாணம் கட்டிய புதிதில், அதையெல்லாம் ஒரு நாளைக்குப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒருமுறை அவரிடம் சொன்னாள். இருபத்தாறு வருடம் கழித்தும் அவருக்கு அது ஞாபகம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

செவில்யாவில் முதல் நாள் காலை, பேக்கரிக்காரியிடம் என்ன சொல்வதென்று தெரியாமல், ரொட்டிக்கு ஊரில் சொல்வதுபோலவே “பாண்” என்றாள். அந்தப் பெண் உடனே பாணை எடுத்து நீட்டினாள். ஸ்பானிய மொழியிலும் பாண் பாண்தான். இரண்டு பேரும் தெருவில் நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

அவர் ஒரேயொரு வசனம் பாடமாக்கி வைத்திருந்தார். எந்தக் கடைக்குள் போனாலும் ஸலாம் சொல்வதுபோல் முதலில் அதைச் சொல்வார். ‘சின் செர்தோ, சின் அல்கோல்.’ பன்றி இல்லாமல், மது இல்லாமல். மூன்றாம் நாள் அவளும் கூடவே சொல்லத் தொடங்கினாள்.

கொர்தோபாவின் பழைய பள்ளிவாசல் இப்போது தேவாலயம். அதற்குள் தொழ விடமாட்டார்கள். சிவப்பும் வெள்ளையுமான வளைவுகளுக்குக் கீழே நடந்தபடி, கட்டியது யார், கைமாறியது எப்போது என்று அவளுக்கு மட்டும் பாடம் சொன்னார். அவள் கேட்காமலே அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். ஊரில் என்றால் சந்தைக்குப் போகும்போது நாலடி முன்னால் நடக்கிற மனிசன்.

கிரனாடாவை விட்டுப் புறப்பட்ட பஸ்ஸில் அந்த ஊரின் கடைசி முஸ்லிம் அரசனின் கதையைச் சொன்னார். நகரக் கதவின் திறப்பை வென்றவர்களிடம் கொடுத்துவிட்டு மலையேறிப் போனவன், ஒரு வளைவில் நின்று திரும்பிப் பார்த்து அழுதானாம். கதையில் அந்த இடம் வந்ததும் இஸ்ஹாக்கின் குரல் நின்றுவிட்டது. அவரும் அழுதுகொண்டிருந்தார்.

“ஐந்நூறு வருசத்துக்கு முந்தின கதைக்கு ஆராச்சும் அழுவாங்களா?” என்று கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் நின்று ஆட்கள் இறங்கத் தொடங்கிய பிறகும் விடவில்லை.

கடைசி நாள் பகல் வலென்சியாவில் இந்தச் சோறு. பெரிய தட்டைச் சட்டியை நடுவில் வைத்தார்கள். கலியாண வீட்டுச் சகன் தட்டில் போல இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அடியில் பிடித்து மொறுமொறுவென்று இருந்ததைச் சுரண்டிச் சுரண்டி அவள் பக்கமே தள்ளினார்.

தன் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை என்று அவள் அன்றைக்கு நினைத்தாள். அதை வெட்கப்படாமல் அவரிடம் சொல்லவும் செய்தாள்.

அமல்ராஜ் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பீங்கான், இரண்டு கரண்டி, சின்னத் தட்டில் பிழிந்துகொள்ளத் தேசிக்காய்த் துண்டுகள். மஞ்சள் சோற்றிலிருந்து எழுந்த ஆவியைக் காற்று அப்படியே பிய்த்துக்கொண்டு போனது.

அவர் றோட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“மற்ற ஆள் வரும் வரைக்கும் மூடி வைக்கவா, அக்கா? இந்தக் காத்துக்கு ஆறிப்போகும்.”

“அவர் வரமாட்டார், தம்பி. மதுரங்குளியில இன்டைக்கி அவருக்குக் கலியாணம்.”

அமல்ராஜ் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார்.  பிறகு மெதுவாகக் குசினிப் பக்கம் போய்விட்டார்.

கமறியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்கினாள்.

பயணத்திலிருந்து திரும்பி மூன்றாவது கிழமைதான் இஸ்ஹாக் இந்த இரண்டாம் கலியாணத்தைப் பற்றி அவளிடம் சொன்னார். பெட்டியில் கிடந்த உடுப்புகளை அவள் அப்போதும் முழுதாக எடுத்து வைத்திருக்கவில்லை. அதே பெட்டியோடு எத்தாளைக்கு, உம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பெண் வீட்டாருக்கு அவர் வாக்குக் கொடுத்தது ஜனவரியில். ஸ்பெயினுக்கு டிக்கெட் எடுத்தது பெப்ரவரியில்.

இரண்டு திகதியையும் அவள் கேட்ட பிறகுதான் சொன்னார்.