குழாயின் வாயில் கட்டைவிரல்

"உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறாரு?" என்று வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒருநாள் கேட்டாள். ஆபீஸில் என்று சொல்லிவைத்தேன். நான் படிப்பை நிறுத்திய பிறகு இன்றுதான் அவளைப் பார்க்கிறேன். அவள் வீட்டுக் கூரையோரத்தில் அப்பா மழைத்தண்ணீர்த் தகரம் மாட்டுகிறார். நான் கூடமாட உதவிக்கு. மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயின் ஒரு முனை அவரிடம், மறுமுனை என்னிடம். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும்; வாய் திறந்திருந்தால்தான் அது உண்மை சொல்லும். காலையில் சுவரில் குறி போடும்போது அவள் ஜன்னலில் தெரிந்தாள். தூணுக்குப் பின்னால் ஒளிந்த பதற்றத்தில் என் கட்டைவிரல் அந்த வாயை அடைத்துவிட்டது. பார்க்காமலே "சரி" என்றேன். அந்தக் குறியை நம்பித்தான் அப்பா தகரத்தில் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்தார்.

இப்போது ஏணியில் நின்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுகிறார். வெயிலில் மினுங்கியபடி அது இறங்குகுழாய் இருக்கும் முனைக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் ஓடி வாசலில் கொட்டுகிறது. "என்ன மேஸ்திரி, உங்க தண்ணி மட்டும் மேட்டுல ஏறுமோ?" அவள் அம்மா சிரிக்கிறார். "பின்பக்கத்து வேலைக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"என் கண்ணுதாம்மா பிசகிடுச்சு. கழட்டி மாட்டிடறேன்." அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

'அப்பா மேல தப்பில்லைங்க, நான்தான்' என்பது தொண்டை வரை வருகிறது. அதில் 'அப்பா' என்ற முதல் சொல்தான் வெளியே வர மறுக்கிறது. வாசலில் நிற்கும் அவள், ஒரே அச்சான அப்பாவின் மூக்கையும் என் மூக்கையும் மாறி மாறிப் பார்க்கிறாள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. தேங்கிய தண்ணீரைத் தாண்டி உள்ளே போய்விடுகிறாள்.